பொதுக் கருவி யார் கணக்கில்? தங்கவயல்: அன்றும் இன்றும்

1965 ஆகஸ்ட் 15 தேதியிட்ட 'பிசிக்ஸ் லெட்டர்ஸ்' இதழில் சில பக்கங்களே உள்ள ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் 11 பேர். ஐவர் பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தவர், இருவர் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தவர், நால்வர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தவர். காஸ்மிக் கதிர்கள் நம் காற்று மண்டலத்தில் மோதும்போது பிறக்கிற நியூட்ரினோக்களின் தடயம் கிடைத்துவிட்டது என்பதே செய்தி. கிடைத்த இடம் கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப் சுரங்கம், தரைக்குக் கீழே 2.3 கிலோமீட்டர்.

அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் ராண்ட் தங்கச் சுரங்கத்திலும் பிரெடெரிக் ரைன்ஸின் குழு இதே தேடலில் இருந்தது. அவர்களுடைய கருவியில் முதல் தடயம் பிப்ரவரியிலேயே விழுந்துவிட்டது. ஆனால் அச்சில் முந்திக்கொண்டது கோலார். ரைன்ஸ் குழுவின் கட்டுரை வந்தது ஆகஸ்ட் 30இல். இரண்டு வார இடைவெளி. பெரும் பணமும் பெயரும் உள்ள ஆய்வுக்கூடங்களுக்கு முன்னால், மாரிகுப்பம் ரயில் போய் நிற்கிற ஓர் ஊர் உலக இயற்பியலில் தன் பெயரைப் பதித்தது. தங்கவயலைப் பற்றி எழுதப்பட்டவற்றில் தங்கமும் தூசியும் நிறைய உண்டு. இந்தக் கதைக்கு இடம் குறைவு. இதை இப்போது எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆராய்ச்சிக்கான பொதுக் கருவிகளுக்கு யார் பணம் கொடுப்பது, எவ்வளவு காலம் கொடுப்பது என்ற கேள்வி இன்று மூளை அறிவியலில் பெரிதாக எழுந்திருக்கிறது. அந்தக் கேள்வியை நம் நாட்டில் முதலில் சந்தித்த ஊர்களில் ஒன்று தங்கவயல். சந்தித்துத் தோற்ற ஊரும் அதுவே.

கதை 1951 வாக்கில் தொடங்குகிறது. காஸ்மிக் கதிரில் வருகிற மியூவான் என்னும் துகள் பாறையை எவ்வளவு ஆழம் ஊடுருவும் என்று அளந்து வரும்படி, பி.வி. ஸ்ரீகண்டன் என்ற இளைஞரை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹோமி பாபா கோலாருக்கு அனுப்பினார். ஸ்ரீகண்டன் நஞ்சன்கூட்டுக்காரர், பின்னாளில் டாடா நிறுவனத்துக்கே இயக்குநர் ஆனவர். கைகர் எண்ணிகளைத் தூக்கிக்கொண்டு அவர் வெவ்வேறு ஆழங்களுக்கு இறங்கினார். அப்போதே உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாகக் கோலார் இருந்தது. கடைசியில் அது எட்டிய ஆழம் சுமார் 3.2 கிலோமீட்டர். இறங்க இறங்க மேலேயிருந்து வரும் மியூவான்கள் குறைந்துகொண்டே போயின. 1960களின் தொடக்கத்தில் மியாகே, நரசிம்மம், ரமணமூர்த்தி என்ற ஆய்வாளர்கள் மூவரும் இன்னும் ஆழத்தில் கருவிகளை வைத்துக் காத்திருந்தார்கள். ஆக அடிமட்டத்தில் ஒரு மியூவான்கூட வரவில்லை.

அந்தப் பூஜ்யம்தான் கண்டுபிடிப்புக்கு வாசல் திறந்தது. மேலேயிருந்து எதுவும் வராத இடத்தில் பக்கவாட்டிலோ கீழேயிருந்தோ ஒரு துகள் வந்தால், அது பாறைக்குள் நியூட்ரினோ மோதி உண்டாக்கியதாகத்தான் இருக்க முடியும். ஆகவே கருவியை வானம் பார்த்து வைக்காமல் சுவர்போல் நிறுத்தினார்கள். இரண்டு பக்கமும் ஒளிர் பிளாஸ்டிக் பலகைகள், நடுவே அடுக்கடுக்காக நியான் குழாய்கள். இரண்டு சுவர்களிலும் ஒரே நேரத்தில் ஒளி தெறித்தால் நியான் குழாய்களுக்கு மின்னழுத்தம் பாயும். துகள் கடந்துபோன பாதையில் உள்ள குழாய்கள் மட்டும் மின்னும். அதைக் கேமரா படம்பிடிக்கும். நியான் குழாய் டர்ஹாமின் உல்ஃபண்டேல் குழுவுக்குக் கைவந்த கலை. ஒசாகாவின் மியாகே தங்கவயலின் ஆழத்தை முன்பே அளந்து அறிந்தவர். டாடா நிறுவனத்தார் இந்த மண்ணிலேயே ஆய்வு செய்து பழகியவர்கள். ஒரு நாடு தனியாகச் செய்திருந்தால் இந்த வேகத்தில் முடிந்திருக்காது. மூன்று நாடுகள், ஒரே கருவி, எல்லோருடைய பெயரும் ஒரே கட்டுரையில். பொதுக் கருவி என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் அந்தக் கருவி நியான் குழாயோடு முடிந்துவிடவில்லை. கருவியின் பெரும்பகுதி சுரங்கமேதான். இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறைக்கூரையை எந்த ஆய்வுக்கூடமும் காசு கொடுத்துக் கட்ட முடியாது. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும். ஆள் நிற்க வேண்டுமென்றால் குளிர்காற்றை இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்றுநீரை இரவும் பகலும் பம்பு வைத்து மேலேற்ற வேண்டும். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு ஓட வேண்டும். ராக் பர்ஸ்ட் ஆகிப் பாறை சிதறினால் மீட்புக் குழு ஓடிவர வேண்டும். மின்சாரம் வேண்டும். சிவசமுத்திரத்தில் காவிரியை மறித்து எடுத்த மின்சாரம் 1902 முதலே தங்கவயலுக்கு வந்துகொண்டிருந்தது, நாட்டின் பெரும்பாலான நகரங்கள் மின்விளக்கைப் பார்ப்பதற்கு முன்பே. இவை எல்லாம் தங்கத்துக்காக ஓடின. அந்த ஓட்டத்தில் அறிவியல் ஏறிக்கொண்டது.

அந்த ஓட்டத்தை ஓட்டியவர்கள் யார்? வட ஆர்க்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து பஞ்சம் பிழைக்கவும் சாதிக் கொடுமையிலிருந்து தப்பவும் வந்த தமிழ் பேசும் குடும்பங்கள். அவர்களில் தலித் மக்கள் மிகுதி. லைன் வீடுகளில் பிறந்து, பதினெட்டு வயதில் கூண்டில் ஏறி, நுரையீரலில் சிலிக்காத் தூசியோடு ஓய்வு பெற்றவர்கள். 1980இல் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க 140 டன் இரும்புக் கருவி ஒன்றை 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் நிறுவினார்கள். அதற்கென்றே தனியாக அமைத்த கருவிகளில் உலகில் முதலாவது அது. அந்த இரும்பு தானாக இறங்கிப் போகவில்லை. கூண்டில் ஏற்றியவர்கள், அடியில் இறக்கியவர்கள், குகையைக் குடைந்து தளம் போட்டவர்கள், பம்பு நிற்காமல் பார்த்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். ஆய்வுக் கட்டுரையில் பெயர் போடும் வழக்கம் அவர்கள்வரை வருவதில்லை. அது அந்தக் காலத்து வழக்கம் என்று சொல்லி நான் கடந்துபோக மாட்டேன். இன்றைக்கும் மாற வேண்டிய வழக்கம் அது.

புரோட்டான் தேடலில் கோலார் குழு சில நிகழ்வுகளைச் சான்றாக முன்வைத்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அமைத்த பெரிய கருவிகள் அவற்றை உறுதிசெய்யவில்லை. இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் 260 டன்னில் இரண்டாவது கருவியும் வேலை செய்தது. பதில் 'இல்லை' என்றாலும் அறிவியலில் அது பதிலே. ஆனால் கேள்வியை நீட்டிக் கேட்கத் தங்கவயலுக்குக் காலம் கிடைக்கவில்லை. 1956இல் மைசூர் அரசின் கைக்கும், 1962இல் மத்திய அரசின் கைக்கும் போன சுரங்கம் 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆயிற்று. தங்கம் குறைந்தது, ஆழம் கூடியது, நட்டம் ஏறியது. அடிமட்டங்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் ஆய்வும் மேலே ஏறி வந்துவிட்டது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கமே மூடப்பட்டது. நீர் இறைப்பது நின்றது. உலகத்தின் முதல் நியூட்ரினோ ஆய்வுக்கூடங்களில் ஒன்று இருந்த ஆழங்களில் இன்று தண்ணீர்.

இதை விதி என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல விடாத இரண்டு ஊர்கள் உலகில் இருக்கின்றன.

ஜப்பானின் காமியோகா ஒரு துத்தநாகச் சுரங்கம். 1983இல் அங்கே தொடங்கிய காமியோகாண்டே கருவியும் கோலாரைப் போலவே புரோட்டான் சிதைவைத் தேடத்தான் வந்தது. 1987இல் ஒரு சூப்பர்நோவாவிலிருந்து வந்த நியூட்ரினோக்களை அது பிடித்தது. அடுத்து வந்த சூப்பர்-காமியோகாண்டே, நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பதற்கான சான்றை 1998இல் தந்தது. கோஷிபாவுக்கு 2002இல், கஜிதாவுக்கு 2015இல் நோபல் பரிசுகள். காமியோகாவிலும் உலோகம் வெட்டுவது 2001இல்தான் நின்றது. கோலார் மூடிய அதே ஆண்டு. அந்த ஆண்டு நவம்பரில் சூப்பர்-காமியோகாண்டேயில் பெரும் விபத்து நேர்ந்து ஆயிரக்கணக்கான ஒளிக்குழாய்கள் நொறுங்கின. ஆனாலும் ஆய்வுக்கூடம் மூடவில்லை. பழுது பார்த்து மறுபடி ஓட்டினார்கள். காரணம் எளியது. குகையைக் காக்கும் செலவு சுரங்கத்தின் கணக்கில் இல்லை, ஆராய்ச்சியின் கணக்கில் இருந்தது.

இரண்டாவது ஊர் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் உள்ள ஹோம்ஸ்டேக். அதுவும் தங்கச் சுரங்கம், அதுவும் நூறாண்டு கடந்தது, அதுவும் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் மூடப்பட்டது. சூரியனின் நியூட்ரினோவை ரே டேவிஸ் அங்கேதான் எண்ணினார். 2003இல் பம்புகள் நின்று தண்ணீர் ஏறியது. இதுவரை கோலாரின் கதையேதான். ஆனால் 2006இல் சுரங்கத்தை அதன் உரிமையாளரான நிறுவனம் மாநில அரசுக்குக் கொடையாகக் கொடுத்தது. சான்ஃபோர்ட் என்ற செல்வந்தர் 7 கோடி டாலர் தருவதாக முன்வந்தார். மாநில அரசும் பணம் போட்டது. ஏறிய தண்ணீரை 2008 முதல் இறைத்தார்கள். இன்று அங்கே இருண்ட பொருளையும் நியூட்ரினோவையும் தேடும் பெரிய ஆய்வுக்கூடம் ஓடுகிறது. மூழ்கிய சுரங்கத்தை மீட்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

கோலாரில் விஞ்ஞானிகளின் திறமை குறையவில்லை. தொழிலாளியின் உழைப்பு குறையவில்லை. பொதுக் கருவியைக் காக்கும் செலவை யாருடைய நிரந்தரக் கடமையாகவும் நாம் எழுதி வைக்கவில்லை. தங்கத்தின் கணக்கில் அறிவியலை ஒட்டவைத்தோம். தங்கம் போனபோது அதுவும் போனது.

இனி நூறு கிலோமீட்டர் மேற்கே, மூளை ஆராய்ச்சி நடக்கும் பெங்களூருக்குப் போவோம். போகுமுன் ஒரு சின்ன வைரஸின் கதை.

கோலார் கட்டுரை வந்த அதே 1965இல் பிட்ஸ்பர்க்கில் ஆட்சிசனும் அவர் கூட்டாளிகளும், அடினோ வைரஸ்களுடன் ஒட்டிக்கொண்டு திரியும் மிகச் சிறிய வேறொரு வைரஸைக் கண்டார்கள். தானாகப் பெருகவும் தெரியாத, மனிதனுக்கு நோய் எதையும் தருவதாகத் தெரியாத ஒன்று. ஏஏவி என்று அதைச் சுருக்கிச் சொல்கிறார்கள். அப்போது அதைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. இன்று மூளை ஆராய்ச்சியின் முதன்மைக் கருவிகளில் அது ஒன்று.

மூளையின் சிக்கல் இதுதான். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். அவை ஒரே மாதிரி அல்ல. 2023இல் வெளியான மனித மூளைச் செல் வரைபடம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளைப் பிரித்துக் காட்டியது. எலியின் மூளையில் ஐயாயிரத்துக்கும் மேல். பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி இருக்கும் இரண்டு நியூரான்களில் ஒன்று தூண்டும், மற்றது அடக்கும். மருந்து போட்டால் இரண்டுக்கும் போகிறது, மின்சாரம் கொடுத்தால் இரண்டும் துடிக்கின்றன. மற்றவற்றைத் தொடாமல் ஒரே ஒரு வகை நியூரானை மட்டும் நம் கட்டளைக்குக் கொண்டுவரும் வழி வேண்டும் என்று 1979இலேயே பிரான்சிஸ் கிரிக் எழுதினார். அதற்கான வழிகள் பிறக்கப் பல ஆண்டுகள் ஆயின.

இன்றைய வழியைக் கடிதத்தோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். ஏஏவி வைரஸின் சொந்த மரபணுக்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது உறை. அதற்குள் ஏறக்குறைய 4,700 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏவை மட்டுமே வைக்கலாம். நாம் கொண்டுசெல்ல விரும்பும் மரபணு கடிதம். என்ஹான்சர் எனப்படும் சிறு டிஎன்ஏ துண்டு முகவரி. குறிப்பிட்ட செல் வகைக்குள் போனால்தான் அந்தத் துண்டு விழித்து மரபணுவை இயக்கும், வேறு செல்லுக்குள் போனால் பேசாமல் கிடக்கும். ட்ராவே என்று ஒரு கடுமையான குழந்தைப்பருவ வலிப்பு நோய் உண்டு. எஸ்சிஎன்1ஏ என்ற மரபணு பழுதாகி, மூளையின் அடக்கும் நியூரான்கள் தளர்ந்துபோவதால் வருவது. திருத்தம் அந்த அடக்கும் நியூரான்களுக்கு மட்டும் போய்ச் சேர வேண்டும். தூண்டும் நியூரான்களுக்கும் போனால் நோக்கமே கெடும். சரியான முகவரித் துண்டைக் கொண்டு எலிகளில் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். பெங்களூரின் நிமான்ஸ் மருத்துவமனை வாசலில் வலிப்புக் குழந்தையை மடியில் வைத்துக் காத்திருக்கும் தாய்க்கு இது எங்கோ நடக்கும் அறிவியல் அல்ல.

இந்தக் கருவிகளைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். மறுபாதி அவற்றைச் செய்து கொடுப்பது. ஒவ்வொரு ஏஏவியையும் வளர்ப்புத் தட்டுகளில் மனிதச் செல்களை வளர்த்து, அவற்றுக்குள் டிஎன்ஏ வளையங்களைச் செலுத்தி, சில நாள் கழித்து உடைத்து, அதிவேகச் சுழற்றியில் பிரித்தெடுத்து, தூய்மையையும் அடர்த்தியையும் சோதித்து, மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். கையின் பழக்கமும் பொறுமையும் கேட்கிற வேலை. ஒவ்வொரு ஆய்வகமும் தனித்தனியே செய்தால் பணமும் போகும், ஒருவர் செய்தது மற்றவருடையதோடு ஒத்தும் இருக்காது. ஒரே இடத்தில் செய்து எல்லோருக்கும் கொடுத்தால் கேள்வி கேட்கிறவர்கள் கேள்வியில் கவனம் வைக்கலாம்.

அமெரிக்காவில் 2013இல் அறிவித்த பிரெய்ன் திட்டம் இதைப் புரிந்துகொண்டு, மூளைச் செல் வகைகளை எட்டும் கருவிகளுக்காகவே ஆர்மமென்டேரியம் என்ற கிளைத் திட்டத்தைத் தொடங்கிப் பணம் ஒதுக்கியது. சியாட்டில் ஆலன் நிறுவனம் உட்படப் பல ஆய்வகங்கள் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகளைச் செய்து, 2025இல் கட்டுரைகளாகவும் பொருளாகவும் வெளியிட்டன. 2004இல் தொடங்கிய அட்ஜீன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு, கேட்கிற ஆய்வகங்களுக்கு இத்தகைய கருவிகளை அனுப்பிவைக்கிறது. ஆர்மமென்டேரியம் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு பகுதி. சிறுபான்மைச் சமூக மாணவர்கள் அதிகம் படிக்கும் கல்வி நிறுவனங்களில் இந்தக் கருவிகளைச் செய்து வழங்கும் கூடங்களை அமைக்கவும் தனி நிதி அறிவித்தார்கள். பெரிய பல்கலைக்கழகத்துக்கே எல்லாவற்றையும் கொடுக்காமல், வாய்ப்பு எட்டாத இடத்துக்குப் பட்டறையைக் கொண்டுபோகும் எண்ணம். இதைப் படித்தபோது எனக்குத் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும்தான் நினைவுக்கு வந்தன.

நம் பக்கம் என்ன இருக்கிறது? வெறுங்கை அல்ல. பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையம், கோலார் ஆழத்தில் நியான் குழாய் வைத்த அதே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை. பாபா அழைத்துவந்த ஒபைத் சித்திக்கி 1962இல் பம்பாயில் தொடங்கிய மூலக்கூறு உயிரியல் பிரிவிலிருந்து கிளைத்தது. கோலாரில் ஆய்வு மூடிக்கொண்டிருந்த அதே 1990களின் தொடக்கத்தில்தான் அது பெங்களூரில் வேரூன்றியது. ஒரே நிறுவனம் தன் ஒரு கையைப் பூமிக்கடியிலிருந்து எடுத்துக்கொண்டு மறுகையை மூளைக்குள் நீட்டியது.

அங்கே பழ ஈயின் நரம்புகளை ஆராயும் மரபு வலுவானது. சித்திக்கியும், வெரோனிகா ரோட்ரிக்ஸும், விஜயராகவனும் ஈ எப்படி முகர்கிறது, எப்படிச் சுவைக்கிறது, அதன் நரம்புகள் எப்படி வளர்கின்றன என்று கேட்டுப் பல தலைமுறை மாணவர்களை வளர்த்தார்கள். ஈயில் செல் வகையை எட்டும் கருவி 1993இலேயே வந்துவிட்டது. ஈஸ்ட்டிலிருந்து எடுத்த கால்4 என்ற புரதத்தைக் குறிப்பிட்ட நியூரான்களில் மட்டும் தோன்றச் செய்யும் ஈ வம்சம் ஒன்று, கால்4 இருந்தால் மட்டும் இயங்கும் மரபணுவைச் சுமக்கும் வம்சம் இன்னொன்று. இரண்டையும் இணை சேர்த்தால் பிள்ளை ஈயில் வேண்டிய நியூரான் மட்டும் நம் கைக்கு வரும். இப்படி ஆயிரக்கணக்கான வம்சங்களை உலகம் முழுக்க உண்டாக்கிப் பகிர்ந்துகொண்டார்கள். 2024இல் வளர்ந்த ஈயின் முழு மூளைக்கும் இணைப்பு வரைபடம் வந்தது. சுமார் 1,39,000 நியூரான்கள், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள். தனி மனிதர் ஒருவராலும் தனி ஆய்வகம் ஒன்றாலும் இது நடந்திருக்காது.

பெங்களூர் மையத்தின் வளாகத்தில் ஈக்களுக்கென்று ஒரு பொதுக் கூடம் இருக்கிறது. நாட்டின் பல ஆய்வகங்களுக்கு ஈ வம்சங்களைப் பேணித் தருவதும், கருமுட்டைக்குள் டிஎன்ஏவைச் செலுத்திப் புது வம்சங்களை உருவாக்கித் தருவதும் அதன் வேலை. ஈயை உறைய வைத்துப் பாதுகாப்பது எளிதல்ல. ஒவ்வொரு வம்சத்தையும் குறித்த காலத்தில் புதுக் குப்பிக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சம்பளம் ஒரு மாதம் வராமல் அந்தக் கைகள் நின்றுபோனால் வம்சங்கள் அழிந்துபோகும். கோலாரின் பம்பைப் போலவே இதுவும் நிற்கக்கூடாத வேலை. நிமான்ஸின் மனித மூளைத் திசுக் காப்பகம் 1995 முதல் கொடையாகப் பெற்ற மூளைகளை ஆய்வாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் கருவிலிருந்த குழந்தைகளின் மூளைகளை 5,132 சீவல்களாக எண்ணியல் படமாக்கி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட்டது. அரசும் கொடையாளரும் சேர்ந்து தந்த நிதி அது. தரணி என்பது அந்த வரைபடத்தின் பெயர்.

செல் வகையை எட்டும் ஏஏவி கருவிகளில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். பல ஆய்வகங்கள் வெளிநாட்டிலிருந்து உலர்பனியில் வைத்து வரவழைக்கின்றன. பாதுகாப்பு அனுமதி வாங்கி, சுங்கத்தைக் கடந்து, பனி தீர்வதற்குள் குப்பி வந்து சேர வேண்டும். தாமதம் ஆனால் கருவி பழுது, மாணவரின் ஆய்வுக் காலத்தில் சில மாதங்கள் வீண். உள்நாட்டில் செய்கிற இடங்களிலும் பெரும்பாலும் அந்தந்த ஆய்வகத்தின் திட்டப் பணத்தில்தான் வேலை நடக்கிறது. மூன்றாண்டுத் திட்டம் முடிந்தால் ஒப்பந்தத்தில் இருந்த தொழில்நுட்பப் பணியாளர் போய்விடுவார், அவரோடு கைப்பழக்கமும் போய்விடும். புதுக் கண்டுபிடிப்புக்குப் பணம் கேட்டால் கிடைக்கிறது. ஏற்கெனவே கண்டுபிடித்ததைத் தவறாமல் செய்து கொடுக்கப் பணம் கேட்டால் 'இதில் புதிது என்ன' என்று திருப்பிக் கேட்கிறார்கள். கோலாரின் பம்பில் புதிது எதுவும் இருக்கவில்லை. அது நின்றபோதுதான் அதன் அருமை தெரிந்தது.

தங்கவயலின் இன்றைய நிலை வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். சயனைடு மண்மேடுகள் ஊரைச் சுற்றி நிற்கின்றன. காற்றடித்தால் வீட்டுக்குள் தூசி. 1964இல் தொடங்கிய பெம்ல் நிறுவனத்தின் ஆலை சிலருக்கு வேலை தருகிறது. ராக் பர்ஸ்ட் ஆய்விலிருந்து வளர்ந்து, 1988இல் இதே ஊரில் தொடங்கிய தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தின் தலைமையகமும் பிற்பாடு பெங்களூருக்குப் போய்விட்டது. ஊரில் வேலை கிடைக்காத மற்றவர்கள் விடியுமுன் மாரிகுப்பத்திலும் சாம்பியனிலும் ஊரிகத்திலும் ரயில் ஏறி பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போகிறார்கள். இரவு திரும்புகிறார்கள். கட்டட வேலை, காவல், துப்புரவு, கடை, கணினி நிறுவனம் எல்லாவற்றிலும் தங்கவயல் ஆட்கள் உண்டு. மேடுகளில் மிஞ்சிய தங்கத்தைப் பிரித்தெடுக்க 2024இல் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. மறுபடியும் தங்கத்தின் பேச்சுதான். அந்த மண்ணில் உலகமே வந்து செய்த அறிவியலைப் பற்றி யாரும் பேசவில்லை.

கோலாரின் அறிவியல் மரபு முழுதும் அற்றுப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊட்டியில் டாடா நிறுவனமும் ஒசாகாவும் சேர்ந்து நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தில் 3,712 சதுர இரும்புக் குழாய் எண்ணிகள் மியூவான்களைப் பிடிக்கின்றன. கோலாரில் புரோட்டானைத் தேடிய எண்ணிகளும் அந்த வகையே. 2014இல் ஊட்டிக்கு மேலே திரண்ட ஓர் இடிமேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று அவற்றைக் கொண்டு கணித்தார்கள். அந்தக் கூட்டாளிகள், அந்தக் கைப்பழக்கம், அந்தப் பகிர்வு மரபு நம்மிடம் இன்னும் இருக்கிறது. தேனி பொட்டிபுரத்தில் அமைக்க இருந்த நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தும் அது எழவில்லை. ஊர்மக்களின் அச்சமும் மாநில அரசின் எதிர்ப்பும் அதை நிறுத்தின. அந்த வாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். ஆய்வுக்கூடத்தைத் தங்கள் ஊரின் சொத்தாக மக்கள் உணரும்படி செய்யாத திட்டம் நிற்காது. தங்கவயலில் அந்த உணர்வு இயல்பாக இருந்தது. கூண்டு ஓட்டியவர் வீட்டுப் பிள்ளைக்குக் கீழே விஞ்ஞானிகள் இருக்கிறார்கள் என்று தெரியும்.

2023இல் நாடாளுமன்றம் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று மதிப்பீடு. அதில் பெரும்பகுதி தனியாரிடமிருந்து வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் பொதுக் கருவிகளைச் செய்வதற்கும் பேணுவதற்கும் என்று தனித் தலைப்பில் ஒதுக்க வேண்டும். மூன்றாண்டில் முடிகிற திட்டமாக அல்லாமல், பத்தாண்டுக்கு உறுதி தருகிற நிதியாக அது இருக்க வேண்டும். செய்து கொடுக்கும் கைகளுக்கு நிரந்தர வேலையும், ஆய்வுக் கட்டுரையில் பெயரும் வேண்டும். மூளைச் செல் வகைகளை எட்டும் கருவிகளைச் செய்து நாட்டுக்கெல்லாம் வழங்க நான்கைந்து பட்டறைகள் போதும். அவற்றில் ஒன்றைத் தங்கவயலில் அமைக்க வேண்டும். நிலம் இருக்கிறது. பெங்களூரின் ஆய்வு மையங்களும் வேலூரின் மருத்துவமனைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆய்வகத் தொழில்நுட்பம் படித்துவிட்டு விடியற்கால ரயிலைப் பிடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆழ்துளையும் பாறையும் வேண்டாம். ஒரு நல்ல கட்டடமும், நிற்காத மின்சாரமும், குளிர்பெட்டிகளும், பயிற்சியும், நிற்காத சம்பளமும் போதும்.

கோலார் மக்களவை உறுப்பினரும், தங்கவயல் சட்டமன்ற உறுப்பினரும், டெல்லியில் அறிவியல் நிதியைப் பங்கிடுகிறவர்களும் இதைப் படிக்க நேர்ந்தால், அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்னால் இந்தக் கோரிக்கையை அவையில் எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கவயல் வாசகர்களே, உங்கள் உறுப்பினருக்கு நீங்களும் ஒரு கடிதம் எழுதுங்கள்.